பின்மூடி பூட்டாமல் நிற்கிற நீலக் கார்: இது என்ன சாமான்?

பரந்தன்_பெடியன்:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். பிரான்சில் இருக்கிற மாமியின் மகன் போன ஞாயிறு ஒரு படம் அனுப்பினான். அவன் இருக்கிற சின்ன ஊரில் மாதத்தில் ஒருநாள் பழைய கார் வைத்திருக்கிற கிழவர்கள் எல்லாம் சந்தைத் திடலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கோப்பி குடித்துக் கதைத்துக்கொண்டு நிற்பார்களாம். அந்த வரிசையில் ஒரு நீலக் கார். பக்கத்தில் இவன் நிற்கிறான், கூரை இவனுடைய நெஞ்சுக்குக்கூட வரவில்லை, இவனும் பெரிய நெட்டையன் இல்லை. முன்னால் நாலு லைட், மூக்குச் சப்பை, பின்பக்கம் மாங்கொட்டை மாதிரி உருண்டு சரிகிறது. விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு நாளாகப் போனில் அந்தப் படத்தைத்தான் திறந்து திறந்து பார்க்கிறேன்.

என்ஜின் 1600 சிசி, ஒரு இலட்சம் யூரோ தந்தாலும் கொடுக்கமாட்டேன் என்று சொந்தக்காரர் சொன்னாராம். எனக்கு இதுதான் விளங்கவில்லை. அப்பா நெல் ஏற்றுகிற வானுக்கே 2800 சிசி. அல்பைன் என்று பெயர் ஒட்டியிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ரெனோ என்றும் இருக்கிறது, அப்படியென்றால் எந்தக் கம்பனியின் கார்? கூகிளில் போட்டால் எஃப்1 கார்தான் வந்து நிற்கிறது.

இன்னொன்று. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் பின்பக்க மூடி முழுதாகப் பூட்டவில்லை, நாலு விரல் அகலத்துக்குத் திறந்தபடி நிற்கிறது. அவ்வளவு விலையான காருக்குப் பூட்டு உடைந்தால் திருத்தமாட்டார்களா? படத்தைக் கீழே போட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏ40_காரன்:

தம்பி, முதலில் பெயரைத் திருத்துவோம். அது அல்பைன் இல்லை, அல்பீன். பிரெஞ்சுக்காரன் அப்படித்தான் சொல்லுவான். நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அது ஏ110, அவர்கள் செல்லமாக பெர்லினெத் என்பார்கள். கிளிநொச்சியில் நாற்பது வருடமாக ஸ்பானரோடு இருக்கிறவன் நான், அந்தக் காரை நேரில் கண்டதில்லை, ஆனால் அதன் கதை தெரியும், ஏனென்றால் அது ஒரு கராஜ்காரன் செய்த கார்.

தியெப் என்று பிரான்சின் வடக்கே ஒரு துறைமுக ஊர். அங்கே ரெனோ கார் விற்கிற, திருத்துகிற குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளை ழான் ரெடெலே, 1922 இல் பிறந்தவர். யுத்தம் முடிந்த கையோடு ரெனோ விட்ட சின்னக் கார் 4சிவி, பின்னால் என்ஜின், 747 சிசி, நாலு கதவு, சனங்கள் பிள்ளைகுட்டியை ஏற்றிக்கொண்டு போகிற கார். ரெடெலே அதைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். சும்மா ஊர்ப் பந்தயம் என்று நினைக்க வேண்டாம், இத்தாலியில் ஆயிரம் மைல் ஓடுகிற மில்லே மில்யாவில் தன் வகுப்பில் வென்றார். மூன்று கியர் போதவில்லை என்று ஐந்து கியர் பொக்ஸ் ஒன்றைப் போட்டார். அல்ப்ஸ் மலையில் ஓடுகிற பந்தயத்தில் 1954 இல் நன்றாக ஓடினாராம், அந்த மலை வளைவுகளில்தான் எனக்கு வாகனம் ஓட்டுகிற சந்தோசம் கிடைத்தது என்று சொல்லித்தான் 1955 இல் தொடங்கிய கம்பனிக்கு அல்பீன் என்று பெயர் வைத்தார். அப்போது அவருக்கு வயது 33.

முதல் கார் ஏ106. அந்த 106 என்ற எண்ணே 4சிவியின் வகை எண்ணிலிருந்து எடுத்ததுதான். மாமனாரும் பாரிசில் பெரிய ரெனோ வியாபாரி, அந்தக் காரைச் செய்விக்க முன்னுக்கு நின்றவர் அவர். சீதனமாகக் கார்க் கம்பனி வாங்கின மாப்பிள்ளை என்று நான் முசுப்பாத்திக்குச் சொல்லுவேன். நீலம், வெள்ளை, சிவப்பு என்று கொடியின் மூன்று நிறத்தில் மூன்று கார் செய்து ரெனோ தலைமையிடத்து முற்றத்தில் கொண்டுபோய்க் காட்டினார்கள். பிறகு ஏ108. பிறகு 1962 இல் ஏ110. ரெனோ 8 என்ற புதுக் கார் அதே வருடம் வந்தது, நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக், அந்தக் காலத்தில் சின்னக் கார்களில் அது பெரிய விசயம். ரெடெலே அதன் என்ஜின், கியர் பொக்ஸ், பிரேக் எல்லாவற்றையும் அப்படியே எடுத்தார். ஆக தம்பி கேட்டதுக்குப் பதில், உடம்பு அல்பீன், உள்ளே இருக்கிற சாமான் ரெனோ. 1973 இல் கம்பனியையே ரெனோ தன் கைக்குள் எடுத்துவிட்டது.

எனக்கு இது ஏன் பிடிக்கும் என்றால், தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் நாங்கள் ஏ40 காரையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்போம், ஊசிக் குழாயால் காபரேட்டரில் நாலு சொட்டு விட்டு ஸ்டாட் பண்ணி, என்ஜின் சூடு பிடித்தபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடும், பிளக் கரி பிடிக்கும், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிற நேரத்தில் நடுவழியில் இறங்கிப் பிளக்கைக் கழற்றி உரஞ்சுவோம். கிடைக்கிற சாமானில் செய்கிறவனுடைய மூளை எனக்குத் தெரியும். ரெடெலேக்கு அந்த மூளை இருந்தது, கூடவே நல்ல பெற்றோலும் இருந்தது.

மூடி பற்றி. அது பூட்டு உடைந்ததில்லை. என்ஜின் பின்னால், காற்று போக வழி குறைவு, சூடு வெளியேற வேண்டும். பந்தயத்தில் வேண்டுமென்றே முட்டுக் கொடுத்துத் திறந்துவிட்டு ஓடினார்கள். அதைப் பார்த்துத்தான் இவரும் செய்திருப்பார்.

கணக்குப்பிள்ளை:

அண்ணை நல்லாகச் சொன்னீர்கள், ஆனால் எனக்கென்றால் பூட்டு உடைந்ததுதான் என்று படுகிறது. பந்தயம் முடிந்து ஐம்பது வருடம், சந்தைக்குக் கோப்பி குடிக்க வந்த காருக்கு என்ன சூடு?

வாடிக்கரை:

முல்லைத்தீவில் போட் திருத்துகிறவன் நான். கார் எனக்குத் தெரியாது. ஆனால் தம்பியின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், முன் சில்லுக்கு மேலே வெடிப்பு ஒன்று இருக்கிறது, நட்சத்திரம் மாதிரி நாலு பக்கமும் மெல்லிய கோடு ஓடுகிறது, பார்த்தீர்களா? தகரம் அப்படி வெடிக்காது. அது பைபர். உறுதியாகச் சொல்கிறேன்.

ஏ40_காரன்:

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பைபர்தான். அதைத்தான் சொல்ல மறந்தேன், அதுதான் முழுக் கதையும்.

வாடிக்கரை:

அப்ப எனக்கு இந்தக் காரோடு சொந்தம் உண்டு. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் பைபர் படகுதான் கூட, அதோடுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். தெரியாத ஆட்களுக்குச் சொல்கிறேன். அச்சு ஒன்று இருக்கும், அதற்குள் மெழுகு பூசி, முதலில் நிறம் கலந்த மேல்பூச்சு, பிறகு கண்ணாடி நார்ப் பாயை விரித்து ரெசினை ஊற்றி உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியே தள்ள வேண்டும். ஒரு குமிழி உள்ளே நின்றாலும் ஆறு மாதத்தில் அந்த இடம் தட்டினால் டொக்கென்று வேறு சத்தம் தரும். ஹார்ட்னர் கூடினால் கையிலேயே சூடேறி இறுகிவிடும், குறைந்தால் நாளைக்கும் பிசுபிசுக்கும். அந்த மணம் உடுப்பை விட்டுப் போகாது, மனிசி வாசலிலேயே நிறுத்திவிடுவா.

இதில் உள்ள வசதி என்னவென்றால் பெரிய மெசின் தேவையில்லை. தகரத்தில் கார் உடம்பு அடிக்க வேண்டுமென்றால் பெரிய அழுத்த இயந்திரம், கோடிக்கணக்கில் காசு. பைபர் என்றால் ஒரு நல்ல அச்சு, ஒரு கொட்டில், நாலு பேர். ஆயிரக்கணக்கில் விற்காத சாமானுக்கு இதுதான் தோது. அடிபட்டாலும் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுப் பாய் ஒட்டினால் சரி, கறள் என்ற பேச்சே இல்லை.

தியெப்பில் மீன்பிடி இருக்கிறதா? துறைமுகம் என்றீர்களே.

லாசப்பல்_வாசி:

இருக்கிறது அண்ணை, அந்த ஊர் ஒரு வகைச் சிப்பிக்குப் பெயர்போனது, குளிர்காலத்தில் போட்டில் வந்து இறங்கும், துறைமுகத்திலேயே வாங்கலாம். நான் வட்டக்கச்சி, இங்கே வந்து 22 வருடம். பாரிசிலிருந்து தியெப் இரண்டரை மணித்தியாலம். வெள்ளைச் சுண்ணாம்புக் கற்பாறை, கீழே கூழாங்கல் கரை, மணல் கிடையாது, எங்கள் கடற்கரை பார்த்த கண்ணுக்கு அது கடற்கரையே இல்லை. அல்பீன் ஆலை இன்றைக்கும் அங்கேதான்.

கறள் இல்லை என்று வாடிக்கரை அண்ணை சொன்னது உடம்புக்குச் சரி. ஆனால் உள்ளே நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு இரும்புக் குழாய்ச் சேசி ஓடுகிறது, என்ஜினும் சில்லுகளும் அதில்தான் தொங்குகின்றன. மேலே பைபர் மினுங்கிக்கொண்டு இருக்கும், உள்ளே கறள் தின்றுகொண்டிருக்கும். வாங்குகிறவன் கீழே படுத்துப் பார்க்காமல் வாங்கினால் தலையில் துண்டுதான்.

எனக்கு ஒருமுறை அதில் ஏறிக் குந்த வாய்ப்புக் கிடைத்தது. வேலைத்தலத்து முதலாளியின் மைத்துனர் வைத்திருக்கிறார், 1971 ஆம் ஆண்டு 1600எஸ். ஏறுவதே ஒரு கலை. முதலில் பின்பக்கத்தை உள்ளே போட வேண்டும், பிறகு காலை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே இழுக்க வேண்டும், நான் முதலில் காலை வைத்துத் தலையை இடித்துக்கொண்டேன். உள்ளே போனால் இருப்பது இல்லை, பாதிப் படுக்கை. முன் சில்லுக்கூடு உள்ளே தள்ளிக்கொண்டு வருவதால் பெடல் மூன்றும் நடுப்பக்கம் ஒதுங்கி இருக்கும், உடம்பு நேரே, கால் சரிவாக. கூரை தலைமயிரைத் தொடுகிறது. மொத்த உயரம் 1.13 மீற்றர், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிட ஒரு முழமும் இல்லாத உயர்த்தி. பக்கத்தில் ஒரு லொறி வந்து நின்றது, அதன் சில்லு நட் என் கண்ணுக்கு நேரே இருந்தது.

சாவியைத் திருப்பினார். காதுக்குப் பின்னால் இரண்டு வெபர் காபரேட்டர் காற்றை உறிஞ்சுகிற சத்தம், பெற்றோல் மணம், ஐந்து நிமிடத்தில் உள்ளே ஓடுபோட்ட அடுக்களைச் சூடு. வடிவான கண்ணாடிக் காருக்குள் காற்றுப் போக வழியில்லை. நான் வேர்த்து விறுவிறுத்து இறங்கினேன், இறங்கினபிறகு மறுபடி ஏற வேண்டும் போல இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சிசியைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு. அந்த 1600எஸ் 138 குதிரைவலு, கார் 700 கிலோகூட இல்லை. அப்பாவின் வானில் எத்தனை மூட்டை ஏற்றுவார் என்று கணக்குப் பாருங்கள், இந்தக் கார் முழுவதும் பத்துப் பன்னிரண்டு நெல் மூட்டைப் பாரம். மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் போகும். வலுவைக் கூட்டுவதற்குக் காசு இல்லாதவன் பாரத்தைக் குறைத்தான், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம். பின்னால் என்ஜின் வைத்த கார் வளைவில் வால் சுழற்றும். போர்ஷே 911 உம் 1963 இல் வந்தது, அதுவும் பின்னால் என்ஜின், அது இன்றைக்கும் ஓடுகிறது, விற்கிறது, உலகம் முழுக்கத் தெரியும். இவர்கள் ஏ110 ஐ 1977 வரை செய்து மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம். பிறகு ஏ310 என்று ஒன்று. கடைசியில் ஏ610 என்று 1991 இல் கொண்டுவந்தார்கள், வி6 டர்போ, 250 குதிரைவலு, 818 கார்தான் விற்றது. 1995 இல் பெயரையே எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அல்பைன் என்ற பெயர் ஏற்கெனவே சன்பீம் காருக்கு இருந்ததால் தங்கள் சொந்தப் பெயரைக்கூட அங்கே ஒட்ட முடியவில்லை. ஒழுங்காக விற்கத் தெரியாத கம்பனியின் காரை அரிய கார் என்று இப்போது தலையில் வைத்து ஆடுகிறோம். கறுத்தக் கொழும்பான் மாம்பழம் கிடைக்காவிட்டால் விலை ஏறும், அது வேறு கதை. இது விற்காததால் அரிதானது.

ஏ40_காரன்:

கணக்கு, நீர் சொன்ன 818 சரி. ஏ610 நல்ல கார், நேரம் பிழை, மூக்கில் ஒட்டின பெயர் பிழை. ஆனால் ஏ110 ஐ அதோடு சேர்த்து ஒரே மூட்டையில் கட்டாதேயும்.

வால் சுழற்றும் என்பது உண்மை. சைக்கிள் கரியரில் நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு இரணைமடுக் கட்டால் இறங்கின ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வளைவில் பின்பக்கம் தன்பாட்டுக்கு வெளியே போகப் பார்க்கும், பயந்து பிரேக்கைப் பிடித்தால் விழுவீர். ஆனால் அதே மூட்டைதான் சேற்றில் பின் சில்லை நிலத்தில் அமத்திப் பிடித்து முன்னுக்குத் தள்ளுகிறது. வெறும் சைக்கிள் சறுக்குகிற இடத்தில் மூட்டை வைத்த சைக்கிள் ஏறும். பனியிலும் கிறவலிலும் இதுதான் நடந்தது. வால் போகிறதை முன்கூட்டியே எதிர்பார்த்து, வளைவுக்கு முன்னமே காரைக் குறுக்கே போட்டுவிட்டு, பெற்றோலை மிதித்துக்கொண்டே வெளியே வருவார்கள். குறையைத்தான் வித்தையாக்கினார்கள். 911 காரனும் அதைத்தான் செய்தான், அவனுக்குக் காசு இருந்தது, இவன் கராஜ்காரன்.

என்ஜினும் ஒரேயடியாக 1600 இல்லை. முதலில் 956 சிசி. பிறகு கோர்தினி என்று ஒரு மனிசன், இத்தாலியில் பிறந்து பிரான்சுக்கு வந்தவர், மந்திரவாதி என்றே பட்டப்பெயர், ரெனோ 8 இன் என்ஜினுக்கு வேறு சிலிண்டர் தலை போட்டு வலுவைக் கூட்டினார். அந்த என்ஜினும் இந்தக் காருக்குள் போனது. கடைசியாக ரெனோ 16 குடும்பக் காரின் அலுமினிய என்ஜின். ஒவ்வொரு முறையும் ரெனோ கடைத்தட்டில் என்ன இருக்கிறதோ அதுதான்.

லாசப்பல்_வாசி:

கணக்குப்பிள்ளை அண்ணை, 1973 ஐ விட்டுவிட்டீர்கள். உலக ரலிப் போட்டி, அதாவது மலை வீதி, கல்லு வீதிகளில் நேரம் பார்த்து ஓடுகிற கார்ப் பந்தயம், முதன்முதல் நடந்த வருடம் அது. 13 பந்தயம், அதில் ஆறு அல்பீனுக்கு. ஃபியட், ஃபோர்ட் எல்லாம் பின்னால். மொந்தே கார்லோவில் முதல் மூன்று இடமும் அல்பீன், அந்துருவே, அன்டர்சன், நிக்கொலா. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் அரை நிமிடம்கூட வித்தியாசம் இல்லை, இருவரும் ஒரே கம்பனிக்காரர். ஏழு நாள் ஓடி அரை நிமிடம். துரினி கணவாயில் இரவில் ஏறுவார்கள், பார்க்க நிற்கிற சனம் மலையோரப் பனியை அள்ளி வீதியில் போடுகிற கூத்தெல்லாம் அங்கே நடக்கும், மஞ்சள் லைட் வெளிச்சத்தில் நீலக் கார் குறுக்கே வருகிற படங்கள் இருக்கின்றன, பெடியன் தேடிப் பார்க்கட்டும். வெறும் பனி வீதிக் கார் என்றும் சொல்ல முடியாது, அதே வருடம் மொரோக்கோவிலும் கிரேக்கத்திலும் வென்றது, அது எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பழைய வீதியைவிட மோசமான கல்லு வீதி.

நெடுங்கேணி_அக்கா:

காருக்கு இரண்டு பேர் அல்லவா? பக்கத்தில் இருந்தவர்களை ஒருவரும் சொல்லவில்லை. மொந்தே கார்லோவில் வென்ற காரில் வழி வாசித்தவர் ஒரு பெண், பிஷ் என்று கூப்பிடுவார்கள், மிஷேல் பெத்தி. அடுத்த வளைவு எத்தனை கூர்மை, பனி எங்கே, எத்தனை மீற்றர் நேர் வீதி என்று இரவெல்லாம் கொப்பியைப் பார்த்து வாசித்துக்கொண்டே போக வேண்டும், தலை நிமிர்ந்து பார்க்கவே நேரமில்லை. இவர் வாசித்தது பிழைத்தால் கார் கிடங்குக்குள். நானும் எங்கள் வீட்டுக்காரருக்கு 19 வருடமாக வழி சொல்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

லாசப்பல்_வாசி:

ஹாஹா, அக்கா மன்னிக்க வேணும், விட்டது பிழைதான். அந்தக் காலத்தில் அல்பீனில் வழி வாசித்தவர்களில் ழான் டோட்டும் ஒருவர், பிறகு ஃபெராரி எஃப்1 அணியை நடத்தினவர்.

அதே 1973 கடைசியில் எண்ணெய் நெருக்கடி. பெற்றோல் விலை ஏறினது, பந்தயக் காரை வாங்க ஆள் இல்லை. அடுத்த வருடம் லான்சியா ஸ்ட்ராட்டோஸ் வந்தது, அது ரலிக்கென்றே பிறந்த கார், ஃபெராரி என்ஜின், அதோடு இவர்களுடைய காலம் முடிந்தது. 2022 இல் அங்கே ஊரில் கியூஆர் காட்டிப் பெற்றோல் வாங்கினவர்களுக்கு அந்த நிலைமை விளங்கும். ஆனால் 1978 இல் ரெனோ அல்பீன் என்ற பெயரில் லெ மான் 24 மணித்தியாலப் பந்தயத்தையும் வென்றார்கள், பிரோனியும் ஜொசோவும் ஓட்டியது. அது முழுதும் வேறு கார், இந்த நீலக் குட்டியோடு சேர்க்கக்கூடாது.

இன்னொரு முசுப்பாத்தி. இந்தக் காரை மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் அனுமதியோடு செய்தார்கள், அது சரி. அறுபதுகளின் கடைசியில் கம்யூனிச பல்கேரியாவிலும் செய்தார்கள்! பல்கேர்அல்பீன் என்று பெயர். அப்படிப்பட்ட நாட்டில் பந்தயக் கார். பிரான்சில் வீதிப் பொலிசும் ஏ110 வைத்திருந்தது, வேகமாக ஓடுகிறவனைப் பிடிக்க.

கணக்குப்பிள்ளை:

சரி, 1973 க்கு ஒத்துக்கொள்கிறேன். பல்கேரியா எனக்குத் தெரியாது, அது திறம். ஆனாலும் ஒரு இலட்சம் யூரோ கூடத்தான். அந்தக் காசுக்கு இங்கே ஐந்து ஏக்கர் வயலும் ஒரு ட்ரக்டரும் வாங்கி மிச்சக் காசை வங்கியில் போடலாம்.

வாடிக்கரை:

ட்ரக்டரைப் பார்த்து ஒருவனும் இரண்டு நாள் போனைத் திறந்து திறந்து பார்க்கமாட்டான்.

பரந்தன்_பெடியன்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஏ40 அண்ணையின் மண்ணெண்ணெய்க் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் ஒரு மணித்தியாலம் தன்னுடைய கதையைத் தொடங்கிவிட்டார், மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவில் எத்தனை தரம் பிளக் கழற்றினார் என்பது இப்போது எனக்கு மனப்பாடம்.

ஒரு கேள்வி. புது ஏ110 என்று ஒன்று வருகிறதாமே, அது எப்படி? எப்போதாவது இங்கே ஒன்று வருமா? முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி நினைத்துப் பார்த்தேன்.

ஏ40_காரன்:

புதுசு 2017 இல் வந்தது. பைபர் போய் அலுமினியம். என்ஜின் இப்போது பின் அச்சுக்கு முன்னால் நடுவில், 1800 சிசி டர்போ, 252 குதிரைவலு, 1100 கிலோ. இன்றைய கணக்குக்கு அது இலேசான கார்தான், இந்தக் காலத்துச் சின்னக் குடும்பக் கார்களே அதைவிடப் பாரம். முதல் வெளியீடாக 1955 கார் மட்டும் செய்தார்கள், கம்பனி தொடங்கிய வருடத்தின் எண்ணிக்கைக்கு. அதைப் பார்க்க ரெடெலே இல்லை, 2007 இல் காலமாகிவிட்டார். ஓட்டினவர்கள் எல்லாம் சொல்வது ஒன்றுதான், மேடு பள்ளத்தில் கல்லுமாதிரி இடிக்காமல் வளைந்து கொடுத்துப் போகிறது என்று. அது நல்ல குணம். பந்தயக் கார் என்றால் முதுகு முறிய வேண்டும் என்று யார் சொன்னது?

இங்கே வருமா என்றால், வலப்பக்க ஸ்டியரிங்கோடு இங்கிலாந்துக்கும் யப்பானுக்கும் செய்தார்கள், அதனால் அந்தத் தடை இல்லை. 2020 இல் நிறுத்தின இறக்குமதியை 2025 இல் திறந்தும் விட்டார்கள். ஆனால் வரியைக் கட்டினபிறகு உம்மிடம் தேங்காய் வாங்கக் காசு மிஞ்சாது. கச்சானோடு நிற்பாட்டும்.

வந்தாலும் ஏ9 இல் மட்டும்தான் ஓடலாம். உங்கள் ஒழுங்கைக்குள் திருப்பினால் அடிவயிறு உரசும்.

லாசப்பல்_வாசி:

தம்பி, மச்சானிடம் சொல்லும், அடுத்த முறை போகும்போது அந்தக் கிழவரிடம் காரைப் பற்றிக் கேட்கச் சொல்லும். இங்கே பழைய கார்க்காரர்களுக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. "தொடலாமா" என்று கேட்டுவிட்டுத் தொட வேண்டும், அது முக்கியம்.

பரந்தன்_பெடியன்:

மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும், இங்கே அறுவடை. மச்சான் நேற்றுப் போனான். கிழவருக்கு வயது 78 ஆம், காரை 1984 இல் வாங்கினாராம், அப்போது அது ஒருவரும் தேடாத பழைய சாமான், ஒரு வேலைக்கொட்டிலில் கோழி ஏறி இருந்ததாம். வாடிக்கரை அண்ணை சொன்ன வெடிப்பைக் காட்டிக் கேட்டிருக்கிறான், கிழவர் ஆச்சரியப்பட்டு இது எங்கே படித்தாய் என்று கேட்டாராம். முல்லைத்தீவில் போட் திருத்துகிற ஒருவர் சொன்னார் என்று இவன் சொல்ல, முல்லைத்தீவு எங்கே என்று காட்டுவதற்குப் போனில் வரைபடம் திறக்க வேண்டி வந்ததாம்.

ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். இவனும் முதலில் காலைத்தான் வைத்தானாம், தலையில் வீக்கம், படம் அனுப்பினான்.

மூடிக் கதை. சூட்டுக்குத்தான், பந்தயக் கார்களில் செய்த மாதிரி, ஏ40 அண்ணை சொன்னது சரி. ஆனால் போன மாரியில் பூட்டும் உடைந்துவிட்டதாம், எப்படியும் திறந்துதானே இருக்கப்போகிறது என்று திருத்தாமல் விட்டுவிட்டாராம். கணக்குப்பிள்ளை அண்ணைக்கும் ஒரு புள்ளி.

கணக்குப்பிள்ளை:

சொன்னேனே.